பதினெட்டுக் கிலோ இழுப்பு

தேவசகாயத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்கு முதலில் வருவது கோபம்தான். அவர் மேல் கொஞ்சம், என் மேல் ரொம்ப. என் பெயர் சேரன். சிதம்பரத்தில் கீழ வீதிக்குப் பக்கத்துச் சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தேவசகாயம் என் தங்கை மங்கலத்தின் புருஷன், கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு. இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நான் அவரை மச்சான் என்பேன், அவரும் என்னை மச்சான் என்பார். முப்பது வருஷமாக ஒருவரையொருவர் கிண்டல் செய்தே காலத்தை ஓட்டிவிட்டோம். இப்போது போனில் பேசவே இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை.

மச்சான் சிப்காட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் பாய்லர் பார்த்தவர். அவர் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர்தான். அவருடைய அப்பா அடுத்தவன் வயலில் வேலை செய்துதான் இவரை ஐடிஐ வரைக்கும் படிக்கவைத்தார். பாய்லர் வேலையில் மணிக்கு ஒரு தடவை அழுத்தம் எவ்வளவு, தண்ணீர் மட்டம் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதவேண்டும். அந்தப் பழக்கம் மனுஷனுக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. மகள் பிரிசில்லாவுக்கு அம்மை போட்டபோது மணிக்கு ஒரு தடவை காய்ச்சலை எழுதினார். அவள் கல்யாணத்தில், பெண்ணைப் பெற்றவர் மேடையில் நிற்காமல், பிரியாணி அண்டா பக்கத்தில் நின்று எத்தனை மணிக்குக் கொதி வந்தது என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டிருந்தார். அளந்து பார்க்காத எதையும் நம்பமாட்டார். அளந்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார். அதுதான் வினையாகிப்போனது.

சீசர் கம்பெனி மேனேஜருடைய நாய். லேப்ரடார் கலப்பு, தவிட்டு நிறம், முப்பத்திநாலு கிலோ. மேனேஜருக்கு மாற்றல் வந்தபோது, "ரெண்டு நாள் வெச்சிருப்பா, ஆள் அனுப்பறேன்" என்று இவர் கையில் சங்கிலியைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆளும் வரவில்லை, போனும் வரவில்லை. அந்த வருஷமே மச்சான் ரிடையர் ஆனார். பார்ப்பதற்கு ஒரு மீட்டர் முள்ளும் இல்லாமல், எழுதுவதற்கு ஒரு நோட்டும் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவருக்கு அந்த நாய்தான் துணை. மங்கலம் சத்துணவு வேலைக்குப் போய்விடுவாள். இவர் நாற்காலியில் இருப்பார், அது அவர் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்திருக்கும். மூன்று வருஷம் இப்படியே போனது.

நாய் தங்கமான நாய். ஒரே ஒரு குறை, கழுத்தில் கயிறு மாட்டி வெளியே போனால் இழுக்கும். லேசான இழுப்பு இல்லை, கை தோளோடு பிய்ந்து வருகிற இழுப்பு. போன ஜனவரியில் மச்சானுக்குக் காய்ச்சல் என்று மங்கலம் அதை மஞ்சக்குப்பம் மைதானத்துக்குக் கூட்டிப்போனாள். எதிரே ஆடு நாலு போயிருக்கிறது. அவ்வளவுதான். என் தங்கை குப்புற விழுந்து வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது.

பிரிசில்லாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். சென்னையில் வேலை பார்க்கிறாள். ஏழாம் மாதம் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வரவேண்டும். தங்கையைப் பார்க்கப் போயிருந்த நான் மச்சான் பக்கத்தில் இருக்கும்போதுதான் அவள் போன் வந்தது.

"அப்பா, அம்மா கையே போச்சு. நான் வயித்தத் தள்ளிக்கிட்டு அந்த வீட்ல எப்பிடிப்பா நடமாடறது? எங்க அத்த அனுப்பவே மாட்டேங்கிறாங்க. அது கயித்துல ஒழுங்கா நடந்துச்சின்னா இருக்கட்டும். இல்லாட்டி நான் வர்றதுக்குள்ள யாருக்காவது குடுத்துடுப்பா."

அவள் சொன்னதிலும் தப்பில்லை. ஆனால் வளர்ந்த நாயை எவன் வாங்குவான்? வண்டியில் ஏற்றி எங்கேயாவது இறக்கிவிட்டு வருவதைத்தான் நம் ஊரில் கொடுத்துவிட்டோம் என்று நாசூக்காகச் சொல்கிறோம். மச்சானுக்கும் அது தெரியும். போனை வைத்தார். பிறகு எழுந்துபோய், பழைய பேப்பர்காரர்கள் வைத்திருப்பார்களே, அந்தக் கொக்கித் தராசு ஒன்றை எங்கிருந்தோ வாங்கிக்கொண்டு வந்தார்.

"இது எதுக்கு மச்சான்? நாய எடைக்குப் போடப்போறியா?" என்றேன்.

"எவ்ளோ இழுக்குதுன்னு தெரியாம எப்பிடி மச்சான் கொறைக்கிறது?"

கயிற்றுக்கும் கைக்கும் நடுவில் தராசை மாட்டி மைதானத்தில் நடந்தார். முள் பதினெட்டில் போய் நின்றது. பதினெட்டுக் கிலோ. அதை நோட்டில் முதல் வரியாக எழுதினார். இரண்டு மாதத்தில் அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது என்று முடிவாயிற்று.

அடுத்து நடந்த கூத்தை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. கடைக்காரன் மொத்தமான சங்கிலியாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தான். சங்கிலி மொத்தமாக இருந்தால் கப்பல் நிற்கும், நாய் நிற்குமா? அதே பதினெட்டு. பெரிய மேதாவி மாதிரி நான் சிதம்பரத்திலிருந்து ஒரு சோக் செயின் வாங்கிப்போனேன். இழுத்தால் கழுத்தை இறுக்கும் வளையச் சங்கிலி. முள் பன்னிரண்டுக்கு இறங்கியது. ஆனால் நாய் கரகரவென்று இருமியது, நாக்கு நீலம் பாரித்துவிட்டது. மங்கலம் மாவுக்கட்டுக் கையோடு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"என்னாண்ணே வாங்கியாந்திருக்க, தூக்குக் கயிறா? உன் கழுத்துல போட்டு நடந்து பாரேன்!"

உடனே கழற்றினேன். அடுத்தது முதுகில் வளையம் வைத்த பாடி பெல்ட். கழுத்தை விட்டுவிட்டு உடம்பில் மாட்டுவது. கழுத்து தப்பித்ததில் சீசருக்கு ஒரே கொண்டாட்டம். வண்டி மாடு மாதிரி நெஞ்சைக் கொடுத்து இழுத்தது. இருபத்திரண்டு கிலோ. மச்சான் நோட்டை மூடிவிட்டு, "பைசாவும் போச்சு, ரெண்டு வாரமும் போச்சு" என்றார்.

புவனகிரியில் சிந்துஜா என்று ஒரு பெண், ஊருக்குப் போகிறவர்களின் நாய்களை வைத்துப் பார்த்துக்கொள்கிறாள், பழக்கியும் கொடுக்கிறாள் என்று என் கடைக்கு வந்த ஒருவர் சொன்னார். ஒரு குட்டியானை வண்டி பிடித்து சீசரை ஏற்றிக்கொண்டு போனோம். முப்பது வயதுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. பத்து நிமிஷம் நாயோடு நடந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"சார், முதுகுல வளையம் இருந்தா அதுக்கு சாஞ்சி இழுக்க நல்லா வசதி. நெஞ்சுல வளையம் வெச்ச பெல்ட்டா வாங்குங்க. இழுத்தா ஒடம்பு உங்க பக்கம் திரும்பிடும். ஆனா பெல்ட்டு பாதிதான், மீதி நீங்கதான். கயிறு விறைச்சா அப்டியே நின்னுடுங்க. தொய்ஞ்சா நடங்க. எடது கால்கிட்ட வந்து நின்னா வாயில தீனி குடுங்க. நீங்களா கயித்த இழுக்கவே கூடாது. தட்டுல வைக்கிற சோத்துல பாதிய கொறைச்சிட்டு, அந்தப் பாதிய நடக்கும்போது குடுங்க."

"எவ்ளோ நாள்ல சைபருக்கு வரும்மா?" என்றார் மச்சான், நோட்டை நீட்டிக்கொண்டு.

அவள் சிரித்தாள். "ஒரு நாளு கொறையும் சார், மறுநாளு ஏறும். மூணு நாலு மாசம் ஆவும். வீட்டுக்குப் போனதும் பெல்ட்ட கழட்டிடுங்க, மறந்துடாதீங்க."

மூன்று நாலு மாதத்துக்கு நாங்கள் எங்கே போவது? கையில் இருந்தது ஆறு வாரம்.

நெஞ்சு வளைய பெல்ட்டை வாங்கி மாட்டி, சொன்னதையெல்லாம் மச்சான் செய்தார், ஒன்றைத் தவிர. பெல்ட்டைக் கழற்றவில்லை. மாட்டுவதற்குள் நாய் குதித்துக் கூத்தடிக்கும், நாலு கொக்கி, இருபது நிமிஷம் ஆகும். அது மட்டும் காரணம் இல்லை. கழற்றலாமே என்று நான் சொன்னபோது என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

"சேஃப்டி பெல்ட்ட யாராவது ஷிப்டு நடுவுல கழட்டுவாங்களா மச்சான்? முப்பத்தொரு வருஷத்துல நான் ஒரு நாளும் கழட்டுனதில்ல."

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அந்தக் கம்பெனிகளில் வேலை பார்த்த எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். இராத்திரியும் பகலும் அந்த பெல்ட் சீசர் உடம்பிலேயே கிடந்தது.

காலை ஆறு மணிக்கு மைதானத்துக்குப் போவார். இரண்டு அடி நடப்பார், கயிறு விறைக்கும், நின்றுவிடுவார். நாய் திரும்பிப் பார்க்கும். கயிறு தொய்ந்ததும் இரண்டு அடி. மறுபடி நிற்பார். ஒரு மணி நேரத்தில் நூறு அடிகூடத் தாண்டமாட்டார். வாக்கிங் வருகிறவர்களுக்கு வேடிக்கை. தாலுகா ஆபீசில் இருந்து ரிடையர் ஆன ராமாமிர்தம் தினமும் ஒரு தடவையாவது, "என்னா தேவசகாயம், கொடிமரத்த இங்க எப்ப நட்டாங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் போவாராம். மச்சான், நாய் கால் பக்கத்தில் வந்து நின்றால் பொறை ரொட்டியில் ஒரு துண்டு உடைத்துக் கொடுப்பார்.

நாள் போட்டுக் கட்டம் போட்ட தாள் ஒன்றை என் கடையில் அடித்துக் கொடுத்திருந்தேன். பதினாறு, பதினேழு, பதிமூன்று, பதினைந்து, பதினெட்டு, பன்னிரண்டு. ஏறும், இறங்கும். நாலாவது வாரக் கடைசியில் மறுபடியும் பதினேழு வந்தது. அன்று காலை கடையைத் திறந்துகொண்டிருந்தேன், போன் வந்தது.

"ஆவாது போல மச்சான். என் பொண்ணு வர்றதுக்குள்ள ஆவாது." குரல் உடைந்து, "அவன் என் கால் மேலதான் படுப்பான். அவன எங்கன்னு கொண்டுபோய் உடறது?" என்று அழுதேவிட்டார். அவர் அழுது நான் கேட்டதே இல்லை, அவருடைய அப்பா செத்தபோதுகூட. நானும் ஷட்டரைப் பாதி தூக்கினபடி வீதியில் நின்று அழுதேன்.

அதற்கு மூன்றாம் நாள்தான் அது ஆரம்பித்தது. ஒன்பது கிலோ. மறுநாள் ஏழு. பிறகு ஐந்து. பிறகு நாலு. ஒரு நாளும் ஏறவே இல்லை. தினமும் காலை ஏழரைக்கு எனக்கு போன் வந்துவிடும்.

"மச்சான், மூணு!"

"அடி சக்கை! கலக்கு மச்சான்!"

"தீனி குடுத்தாகூட வாங்கமாட்டேங்கிறான்டா. லஞ்சம் வாங்காம வேல செய்யிறான் பாரு, நம்ம ஊர்ல இவன் ஒருத்தன்தான்!"

நானும் சேர்ந்து சிரித்தேன். ஐயோ, எவ்வளவு சிரித்தேன்! அந்த ஞாயிற்றுக்கிழமை நேரில் போனபோது மங்கலம் என்னிடம் தனியாகச் சொன்னாள், "ஏண்ணே, நாலு நாளா தட்டுல சோறு அப்டியே கெடக்குது. அவருகிட்ட சொன்னா, பாதியா கொறைச்சோம்ல, வயிறு சுருங்கியிருக்கும்னு சொல்றாரு." நான் அவளை அதட்டினேன். "பழகுற நாய் அப்பிடித்தான் இருக்கும். நீ வேற குட்டைய கொழப்பாத." எனக்கு என்ன தெரியும் என்று அதட்டினேன்? ஜெராக்ஸ் எடுக்கத் தெரியும், லேமினேஷன் போடத் தெரியும். அதைத்தான் செய்தேன். முள் பூஜ்யத்துக்கு வந்த அன்று அந்தத் தாளை வாங்கிப்போய் லேமினேஷன் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன்.

சனிக்கிழமை பிரிசில்லா வந்தாள். நானும் போய் அங்கேயே தங்கியிருந்தேன். மச்சான் சட்டை மாற்றி, தலை சீவி, சீசரைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். மகள் காரை விட்டு இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாள். போன தடவை அவள் வந்தபோது குதித்து முகத்தை நக்கிய நாய் இந்தத் தடவை வாலை இரண்டு முறை ஆட்டிவிட்டு அப்பா காலோடு ஒட்டி நின்றது. மச்சான் தெருக்கோடி வரைக்கும் போய்த் திரும்பி நடத்திக் காட்டினார். கயிறு தரையைத் தொடுகிற மாதிரி தொய்ந்திருந்தது. எதிரே ஒரு நாய் குரைத்தது, சீசர் திரும்பவில்லை.

பிரிசில்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "சாரிப்பா. நான் ரொம்பப் பேசிட்டேன். இவன் எங்கயும் போவவேணாம், இங்கயே இருக்கட்டும். கொழந்தையும் இவன்கூட வெளையாடட்டும்" என்றாள்.

மச்சான் முகத்தை அன்றைக்குப் பார்க்கவேண்டும். அறுபது வயது மனுஷன் பரீட்சையில் பாஸ் பண்ணின பையன் மாதிரி நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சீசர் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது.

மஞ்சக்குப்பத்திலேயே தனியாக ஆஸ்பத்திரி வைத்திருக்கும் ஒரு மாட்டு டாக்டரம்மாவை வீட்டுக்குப் போய் எழுப்பினோம். நாயை மேசையில் படுக்கவைத்து உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. "மொதல்ல இந்த பெல்ட்ட கழட்டுங்க" என்றார். மச்சான் நாலு கொக்கியையும் கழற்றினார். பட்டை அழுத்திக்கொண்டிருந்த இடமெல்லாம், நெஞ்சிலும் முன்னங்கால் இடுக்கிலும், ஆமணக்கு விதை மாதிரி உண்ணிகள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தன. ரத்தம் குடித்து உப்பிப்போயிருந்தன.

"உண்ணிக் காய்ச்சல். ரத்தமே இல்ல. எத்தன நாளா சாப்புடல?" என்றார் டாக்டரம்மா.

மச்சான், ஷிப்டு மாறும்போது நோட்டைக் கொடுப்பாரே, அதே மாதிரி பையிலிருந்து அந்த லேமினேஷன் தாளை எடுத்து நீட்டினார். டாக்டரம்மா அது என்ன என்று கேட்டு, புரிந்துகொண்டு, விரலை மெதுவாகக் கட்டங்கள் மேல் ஓட்டினார். ஒன்பது என்ற இடத்தில் விரல் நின்றது.

"இங்கதான் சார். இந்தத் தேதியிலதான் காய்ச்சல் வந்திருக்கு. அன்னைக்கே தூக்கிட்டு வந்திருந்தீங்கன்னா..."

பாய்லரில் அழுத்தம் இறங்கிக்கொண்டே போனால் கையிலிருக்கும் டீயைப் போட்டுவிட்டு ஓடுகிற மனுஷன் அவர். பத்து நாள் முள் இறங்கியதைப் பார்த்துப் பார்த்து எழுதி, ஒவ்வொரு நாளும் எனக்கு போன் போட்டுச் சந்தோஷப்பட்டிருக்கிறார். அந்தச் சந்தோஷத்துக்கு "கலக்கு மச்சான்" என்று சொன்ன பாவி நான்.

நாலு நாள் டிரிப் ஏற்றினார்கள். மங்கலம் ஒற்றைக் கையால் பைபிளைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து ஜெபம் பண்ணினாள். பிரிசில்லா கஞ்சியை விரலால் தொட்டு அதன் நாக்கில் தடவிக்கொண்டிருந்தாள். வயிற்றுப்பிள்ளைக்காரி அழக்கூடாது என்று எல்லோரும் அவளிடம் சொன்னோம், யார் கேட்டார்கள்? மச்சான் சீசர் தலையைத் தன் பாதத்தின் மேல் எடுத்து வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். வியாழக்கிழமை காலை டாக்டரம்மா ஊசியைக் கழற்றிவிட்டு, கிட்னியும் போய்விட்டது, இனிமேல் ஊசி வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொன்னார். அன்று மத்தியானம் சீசர் போய்விட்டது. அதற்கு முன்னால் நடந்த ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வரும்போது மைதானத்தைத் தாண்டினோம். மச்சான் நிறுத்தச் சொன்னார். நாயைத் தூக்கிக்கொண்டு இறங்கி, புழுதியில் மெதுவாக விட்டார். பெல்ட் இல்லை, கழுத்தில் பழைய துணியைச் சுற்றி அதில் கயிற்றைக் கட்டினார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. சீசர் இரண்டு அடி வைத்து அப்படியே படுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஏழெட்டு ஆடுகள் எதிரே போயின. அது தலையைத் தூக்கிப் பார்த்தது, மறுபடி தரையில் வைத்துக்கொண்டது.

"சீசரு, தோ பாரு, ஆடு போவுதுடா" என்றார் மச்சான். கயிற்றின் நுனியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "இழுடா. உன்ன ஒண்ணும் சொல்லமாட்டேன். எவ்ளோ வேணுன்னாலும் இழுத்துக்கடா. ஒரே ஒரு தடவ இழுடா என் சாமி."

வாக்கிங் வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். ராமாமிர்தமும் நின்றார். என்னால் பார்க்க முடியவில்லை, ஆனாலும் பார்த்தேன்.

குரல் கேட்டு சீசர் எழுந்தது. முன்னங்கால் இரண்டும் வெடவெடவென்று நடுங்கின. ஆடுகள் போன பக்கம் அது போகவில்லை. திரும்பி மூன்று அடி நடந்து வந்து, அவருடைய இடது காலை ஒட்டிச் சரியாக நின்று, அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தது.